எறிகிற கைக்கு மோதிரம் ஆகாது

பீலெஃபெல்ட்
14.09.2025

அன்பு மகன் சேயோனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எடுத்த பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. அம்மாவுக்குப் பிரஷர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, எனக்கு வலது தோளைத் தூக்க ஏலாது, அக்காவும் அத்தானும் மட்டும் குறையில்லாமல் இருக்கிறார்கள். நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று முருகனைக் கும்பிடுகிறேன், ஆனால் நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் சுகம் விசாரிப்பதை இத்தோடு விடுவோம். என்னடா இந்தக் காலத்தில் அப்பா கடிதம் எழுதுகிறார் என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாய். போன் எடுத்தால் பஸ்ஸில் இருக்கிறேன் அப்பா என்பாய். பதினொரு வருஷமாக நீ பஸ்ஸில்தான் இருக்கிறாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும் போனவன் நீ, வாசிக்கத் தெரியும், ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தில் அக்காவிடம் கேள், வருணிடம் கேட்காதே.

வருணிடம் ஏன் கேட்கக்கூடாது என்றால், உன்னுடைய சங்கதி எல்லாம் எனக்கு அவன் வாயால்தான் தெரியவேண்டியிருக்கிறது, அந்த வெட்கம் எனக்குப் போதும். போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன், பெரியம்மாவின் மகன் வருண் பின்னால் வந்து, சித்தப்பா, சேயோனை ஜூனிலையே விளையாட்டுக் கழகத்தாலை நிப்பாட்டிப் போட்டாங்களாமே, இன்ரநெற்றிலை கிடக்கு என்று கேட்டான். நான் கையில் தட்டோடு நின்றேன். ஓமோம் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு என்ன கோதாரி தெரியும்? மூன்று மாதமாக நீ என்னோடு போனில் கதைத்திருக்கிறாய், கை பரவாயில்லை அப்பா, இந்தக் கிழமை மூன்று ஆட்டம் அப்பா என்றெல்லாம் சொன்னாய். வேலையில்லாமல் யாரோ நண்பனின் வீட்டுச் சோபாவில் கிடந்துகொண்டு சொல்லியிருக்கிறாய். அதற்கு மேல் ஒன்றையும் வருண் சொன்னான், மெக்சிக்கோவில் ஏதோ ஒரு ஊரில் ஒக்டோபரில் தொடங்குகிற குளிர்கால ஆட்டத்துக்கு நீ ஒத்துக்கொள்ளப் போகிறாயாம், மாத முடிவில் கையெழுத்தாம். இனி ஊசி போட்டு எறிந்தால் கை போய்விடும், பிறகு தலைகூட வாரமாட்டாய் என்று டொக்டர் சொல்லியும் ஊசி போடுவதாக இருக்கிறாயாம். இந்தக் கடிதம் அந்தக் கையெழுத்துக்கு முன்னால் உனக்குக் கிடைக்கவேண்டும் என்றுதான் இரண்டு மடங்கு முத்திரை ஒட்டி அனுப்புகிறேன்.

உன்னைக் குறை சொல்லத் தொடங்கினால் என்னில்தான் தொடங்கவேண்டும். உனக்கு எட்டு வயது, வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது ரயில் பாதைக்குப் பக்கத்துப் புல்வெளியில் பிள்ளைகள் மட்டையும் பந்தும் வைத்து விளையாடுவதைக் கண்டேன். இந்த நாட்டில் பதினான்கு வருஷம் காற்பந்தைத் தவிர வேறொன்றும் காணாத எனக்கு வந்த சந்தோஷப் புளுகத்தைச் சொல்ல ஏலாது. கிரிக்கெட் என்றே நினைத்தேன், ஜெர்மன்காரன் தன்பாட்டுக்கு ஏதோ மாற்றி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த கிழமையே உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். பள்ளிக்கூட அணிக்குப் பந்து வீசியவன் நான், வீட்டுக்குப் பின்னால் வைத்து உனக்கு அதே மாதிரிப் பழக்கினேன், முழங்கையை மடக்காதே, மடக்கினால் பிழை, கை நேராகச் சுற்றி வரவேண்டும் என்று. நீ அங்கே போய் அப்படியே எறிய, பயிற்சி கொடுத்த வெபர் விழுந்து விழுந்து சிரித்தார். இது பேஸ்போல், மடக்கி எறி என்றார். நான் ஒரு மாதம் கழித்துத்தான் அது கிரிக்கெட் இல்லை என்று ஒத்துக்கொண்டேன், அதற்குள் உனக்கு அது பிடித்துவிட்டது. இப்போது யோசித்துப் பார், நான் மடக்காதே என்றேன், அவர்கள் மடக்கு என்றார்கள், கடைசியில் மடக்கின முழங்கையிலேதான் நார் அறுந்தது.

பதினேழு வயதில் அமெரிக்காவில் இருந்து ஒரு ஆள் கையில் வேகம் அளக்கிற கருவியோடு வந்து உன்னைப் பார்த்தான். உனக்கு வயது காணாது என்று பெற்றோர் கையெழுத்துக் கேட்டார்கள், அம்மா மாட்டேன் என்றார், அதற்கும் நான்தான் வைத்தேன். மேல் அணிக்கு மூன்று வருஷத்தில் போய்விடுவான் என்று அந்த ஆள் சொன்னான். மூன்று ஆறாகி ஆறு ஒன்பதானது. கீழ்ப்படி அணிகளில் ஊர் ஊராக பஸ்ஸில் திரிந்தாய். முதலில் ஆட்டத்தைத் தொடங்கி எறிகிறவனாக இருந்தாய், அதிலாவது ஒரு மரியாதை இருந்தது. இருபத்திரண்டு வயதில் உன்னை இடையில் இறங்குகிறவனாக ஆக்கிவிட்டார்கள். தொடங்கினவன் களைத்து, எதிராளிகளைத் தளங்களில் ஏற விட்டுவிட்டுப் போவான், நீ அவசரமாகக் கையைச் சூடாக்கிக்கொண்டு வந்து அவன் கெடுத்ததைத் திருத்தவேண்டும். திருத்தினால் ஒருவரும் பேசமாட்டார்கள், தவறினால் கூ அடிப்பது உனக்குத்தான். பாதி நாள் வேலிக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்துவிட்டு இறங்காமலே திரும்பி வருவாய். இங்கே சனம் மகன் என்ன செய்யிறார் என்று கேட்டால் நான் அதை எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் படிக்கிறார் என்று சொல்லிச் சொல்லியே உன்னை ஒரு முனைவராக்கி வைத்திருக்கிறேன். கண்டறியாத விளையாட்டு.

அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் வருஷா வருஷம் கௌரி விரதம் பிடித்து, இருபத்தொரு நாளும் ஒரு நேரம் சாப்பிட்டு, உனக்கும் ஒரு காப்பு நூல் வாங்கித் தபாலில் அனுப்புவார். நீயும் பாவம், மறக்காமல் வலது கையில் கட்டிக்கொள்வாய், நீளக் கைச் சட்டைக்குள் ஒருவருக்கும் தெரியாது. அம்மா வீட்டில் என்னோடு கணினியில் இருந்து பார்த்தது ஒரே ஒரு ஆட்டம். அன்றைக்கு வெக்கை என்று கட்டைக் கைச் சட்டை போட்டிருந்தாய். எதிர் அணிக்காரன் கையைக் காட்டி முறைப்பாடு சொல்ல, நடுவர் வந்து உன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பந்து எறிகிறவனின் கையிலோ விரலிலோ ஒன்றுமே இருக்கக்கூடாதாம், அது சட்டமாம். ஒருத்தன் கத்தரிக்கோல் கொண்டுவந்தான். ஒரு வருஷம் கட்டியிருந்து, கோயிலில் வைத்து அவிழ்க்கிற நூலை எங்கள் கண் முன்னால் நறுக்கென்று வெட்டிப் போட்டான். அம்மா எழும்பி அடுப்படிக்குள் போனவர்தான், அதற்குப் பிறகு உன் ஆட்டம் ஒன்றும் பார்த்ததில்லை. ஆனால் காப்பு அனுப்புவதை நிற்பாட்டவில்லை, வெளியிலை போகேக்கையாவது கட்டட்டும் என்றார். அதுவும் அக்காவின் கலியாணத்தோடு நின்றது.

கலியாணக் கதையை நான் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் எழுதித் தேவையில்லை. ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, உனக்கு நாள் தெரியும். ஒரே ஒரு அக்கா, ஒரே ஒரு தம்பி, தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி மண்டபத்துக்குள் கூட்டிவரவேண்டியவன் நீ. காலைக் கழுவினதும் தோழனுக்குப் போடவேண்டிய மோதிரத்துக்கு மாப்பிள்ளை, உன் இளங்கீரன் அத்தான், பங்குனியிலேயே உன் விரல் அளவு கேட்டு வாங்கிப் போனார். நீயும் கழகத்தில் நான்கு நாள் லீவு எடுத்து ரிக்கற்றும் போட்டிருந்தாய். வியாழக்கிழமை நான் மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தாய். மேல் அணியில் இரண்டு பேருக்குக் காயம், உடனே வரச்சொல்லுகினம், என்ன அப்பா செய்ய என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ போ, அம்மாவோடை நான் கதைக்கிறன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன கதைத்தேன் தெரியுமா? உன்ரை மகன் வரேல்லையாம், விளையாட்டுத்தான் பெரிசாம் என்று கதைத்தேன். அவர் கையில் மாவிலையோடு நின்றார், அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் தானாக அப்படித் திரும்பிவிட்டது. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். கலியாணம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு பிறகு என்று இரண்டு வருஷம் போய்விட்டது.

உன் இடத்தில் வருண் நின்றான். வேட்டி சால்வையோடு நன்றாகத்தான் நின்றான், அவனில் ஒரு பிழையும் இல்லை. இளங்கீரன் மோதிரத்தைப் போட்டார், உன் விரலுக்குச் செய்தது அவனுக்குக் கழன்று கழன்று விழுந்தது, பெரியம்மா ஓடிப்போய் நூல் கொண்டுவந்து சுற்றிக் கொடுத்தார். ஊரில் உள்ளவன் எல்லாம் களைக்கிற நேரம் அவனவனுக்குப் பதிலாக இறங்குவதுதான் என் பிள்ளையின் தொழில், சொந்த அக்காவின் கலியாணத்தில் அவனுக்குப் பதிலாக இன்னொருத்தன் இறங்கினான். படம் எடுக்கிறவன் தம்பி கொஞ்சம் சிரியுங்கோ என்று வருணைப் பார்த்துச் சொல்ல அக்கா அழுதுவிட்டாள், பெண் பிள்ளை வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று சனம் நினைத்தது.

நான் என்ன செய்தேன் என்றும் கேள். பின்னேரம் கேக் வெட்டுகிற நேரம் மண்டபத்து மூலையில் சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று போனில் உன் ஆட்டத்தைப் பார்த்தேன். கமரா வேலிக்குப் பின்னால் இருக்கிற வாங்கைக் காட்டியது. நீ எழும்பி முதுகைத் திருப்பி நின்றாய். மேல் அணியின் சட்டை, முதுகில் பெரிய எழுத்தில் சோதிலிங்கம். அது உன்னுடைய பெயர் இல்லை, என்னுடைய பெயர். இங்கே வந்து படிவம் நிரப்பும்போது தகப்பனின் பெயரைப் பிள்ளைக்குக் குடும்பப் பெயராக எழுதிவிட்ட வழக்கத்தால் என் பெயர் அங்கே நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்க்கத்தான் உன்னைப் போ என்று சொன்னேன். உறைந்த சாப்பாட்டுக் களஞ்சியத்தில் இருபத்தெட்டு வருஷம் பெட்டி தூக்கியவனுக்கு அந்த ஆசை இருந்தது. நீ கையைச் சூடாக்கினாய், பயிற்சியாளரிடமிருந்து வாங்கடிக்குப் போன் வந்தது, வேறொருத்தனை இறக்கினார்கள், நீ திரும்பவும் வாங்கில் இருந்தாய். வெள்ளியும் அப்படி, சனியும் அப்படி, ஞாயிறும் அப்படி. மூன்று நாளில் நான்கு முறை எழுந்து நான்கு முறை இருந்தாய். திங்கட்கிழமை காயக்காரன் ஒருத்தன் சுகமாகி வர உன்னைத் திரும்பக் கீழே அனுப்பினார்கள். ஒரு பந்து எறியவில்லை. மேல் அணியில் ஆடியவர்களின் பட்டியலில் நீ இல்லை, நான் தேடிப் பார்த்தேன். நீ அங்கேயும் இல்லை, எங்கள் கலியாண அல்பத்திலும் இல்லை.

அடுத்த வருஷம் முழங்கை நார் அறுந்தது, இடது மணிக்கட்டில் இருந்து ஒரு நாரை எடுத்து வலது முழங்கையில் தைத்தார்கள். நான் வரட்டோ என்று கேட்டேன், வேண்டாம் என்றாய். அம்மாவும் வரட்டோ என்று கேட்பார் என்று நீ எதிர்பார்த்திருப்பாய், அவர் கேட்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு உன் போன் வந்தால் அம்மா என் கையில் தந்துவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விடுவார். நீயும் ஒவ்வொரு முறையும் அம்மா எங்கை என்று கேட்பாய், நான் குளிக்கிறா என்று சொல்வேன். இரண்டு வருஷமாக உன் அம்மா குளித்துக்கொண்டே இருக்கிறார். இதில் என்னைச் சுடுவது என்னவென்றால், ஒரு நாளும் நீ அவரிடம், அப்பாதான் போகச் சொன்னவர் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். நீ அதையும் உன் விளையாட்டு என்று நினைத்துவிட்டாய் போல, முன்னுக்கு நின்றவன் கெடுத்ததை வாயைப் பொத்திக்கொண்டு தாங்கினாய். எனக்கு உன்னில் வருகிற கோபத்தில் பாதி இதுதான். தகப்பனை ஏன் இப்படிக் காப்பாற்றினாய் விசரா?

போன ஞாயிறு வருண் சொன்னதைக் கேட்டு வந்த பிறகு நான் வெபரிடம் போனேன். அவருக்கு இப்போது எழுபத்து மூன்று வயது, இன்னும் அதே புல்வெளியில்தான் நிற்கிறார். உன் கையைப் பற்றி விசாரிக்கத்தான் போனேன், அவர் ஏதேதோ கதைத்துக்கொண்டு போய் ஒரு சட்டம் சொன்னார், இருபது வருஷமாக எனக்குத் தெரியாத சட்டம். முதல் எறிந்தவன் தளத்தில் ஏற விட்ட ஆள், அவன் இறங்கிப்போன பிறகு ஓடி வந்து சேர்ந்தாலும், அந்த ஓட்டத்தைப் பின்னால் வந்தவனின் பெயரில் எழுதமாட்டார்களாம். கூ அடிப்பது பின்னால் வந்தவனுக்கு, ஆனால் புத்தகத்தில் எழுதுவது முதல் ஆளின் பெயரில். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வந்து அம்மாவிடம் சொன்னேன். வியாழக்கிழமை மண்டபத்தில் கதிரை அடுக்கினதில் இருந்து எல்லாம் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. நீங்கள் போ எண்டாலும் அவன் வந்திருக்கோணும், தகப்பனும் மகனும் ஒரே ஆக்கள்தான், ரண்டு பேரும் என்னை ஒரு மனிசியா எண்ணேல்லை என்றார். அதுதான் உண்மை, அதற்கு நீயும் நானும் மறுமொழி சொல்ல ஏலாது. அன்றிலிருந்து என்னோடும் கதை இல்லை, சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார், இப்போது நானும் வாங்கில்தான் இருக்கிறேன். மன்னித்துவிட்டார் என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன், பொய் சொன்னது போதும். ஆனால் நேற்றைக்கு நடந்ததை எழுதவேண்டும். கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் வருண் அந்த மோதிரத்தைப் பெட்டியோடு கொண்டுவந்து, சித்தப்பா, இது சேயோன்ரை, நான் ஆளுக்கு நிண்டனான் மட்டும்தான் என்று தந்துவிட்டுப் போயிருந்தான், அது அலுமாரியில் கிடந்தது. நேற்றுக் காலை அம்மா அதை எடுத்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டு, பெரியம்மா சுற்றின நூலை ஊசியால் கிளறிக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார். நான் கதவடியில் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை. ஆறு நாளுக்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டார். அவன்ரை கை நோகுதாமோ என்று கேட்டார்.

அதற்கு மறுமொழி நீ வந்து சொல்லு. மெக்சிக்கோவில் கையெழுத்து வைக்காதே மகன். முப்பது வயதாகப் போகிறது என்று யோசிக்காதே, வேலைத் திணைக்களத்தில் உனக்காக விசாரித்தேன், கைகால் பயிற்சி கொடுக்கிற வைத்திய வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புப் படிக்க வயதுத் தடை இல்லையாம், ஒக்டோபர் ஒன்பதாம் தேதி காலை சந்திக்க டெர்மின் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்காமல் எடுத்தேன் என்று கோபிக்காதே. வெபரும் தன் இடத்துக்கு ஆள் இல்லை என்கிறார். உனக்கு இரண்டும் பிடிக்காவிட்டால் வந்து சும்மா கிட, எங்கள் சோபாவும் சோபாதான். வருகிறபோது பாரமான பெட்டியை வலது கையால் தூக்காதே, குளிர் உடுப்புக் கொண்டு வா. கோயிலடியில் யாராவது படிப்பு முடிஞ்சுதோ என்று கேட்டால் நீ ஒன்றும் சொல்லவேண்டாம், நான் சொல்லுகிறேன், படிக்கவே இல்லை, பந்து எறிந்தவன், அதிலும் இடையில் இறங்கி எறிந்தவன் என்று. அம்மா இந்த முறை கௌரிக் காப்புக்கு உன் பெயரும் கொடுத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை, அக்கா சொன்னாள்.

முருகன் உன்னையும் உன் கையையும் காக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதத்தை அவரே தரவேண்டும், என்னுடையது இதில் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே. மோதிரத்தைத் தபாலில் அனுப்பமாட்டேன், வருணிடம் கொடுத்துவிடவும் மாட்டேன். எறிகிற கையில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பதுதானே உங்கள் சட்டம். எறிந்து முடித்த கையோடு வா.

இப்படிக்கு,
அந்த ஓட்டத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட
உன் அப்பா
க. சோதிலிங்கம்